வெயிலுக்கேற்ற ஒயின், கைக்கேற்ற விலை

கோடையில் அருந்தத் தகுந்த ஒயினுக்கும் குறைந்த விலை ஒயினுக்கும் இயல்பாகவே ஒரு பொருத்தம் உண்டு. ஓக் மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறுவது, நிலவறையில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது, முற்றக் கனிந்த திராட்சையிலிருந்து கிடைக்கும் அடர்த்தி ஆகிய மூன்றும் ஒயினின் விலையை ஏற்றுபவை. வெயில் கொளுத்தும் நாளில் இந்த மூன்றையுமே நாக்கு விரும்புவதில்லை. இளமையான, லேசான, புளிப்பு தூக்கலான ஒயின்தான் அப்போது தேவை. அத்தகைய ஒயினைச் செய்ய அதிகச் செலவும் பிடிப்பதில்லை. ஆகவே, ஆண்டின் மற்ற மாதங்களைவிடக் கோடையில்தான் சிறிய தொகைக்குச் சிறந்த ஒயின் கிடைக்கிறது. எந்த ஊர், எந்தத் திராட்சை, எந்த ஆண்டு என்று பார்த்து எடுக்கத் தெரிந்தால் போதும்.

வெயிலில் நாக்கு கேட்பது

ஒயினின் சுவையைத் தாங்கி நிற்பவை புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, ஆல்கஹால் ஆகிய நான்கும். இவை ஒவ்வொன்றும் வெப்பநிலைக்கு ஏற்ப வேறுவேறாக வெளிப்படும். குளிரவைத்தால் புளிப்பு எடுப்பாகத் தெரியும், இனிப்பு அடங்கும், துவர்ப்பு கடுமையாகும். சூடேறினால் ஆல்கஹால் ஆவியாகி மூக்கில் ஏறும். ஒயின் கனத்துப்போய்ச் சுவையில் தட்டையாகும்.

தேர்வுக்கான அடிப்படை விதி இதிலிருந்தே கிடைக்கிறது. கோடை ஒயினைக் குளிரவைத்தே அருந்த வேண்டியிருப்பதால் அதில் துவர்ப்பு குறைவாக இருக்க வேண்டும். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிய சில நிமிடங்களில் அது சூடேறத் தொடங்கும் என்பதால் ஆல்கஹாலும் குறைவாக இருக்க வேண்டும். தாகத்துக்கு இதமாக இருக்கப் புளிப்பு தூக்கலாக இருக்க வேண்டும். 12.5 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் ஆல்கஹால் கொண்ட வெள்ளை ஒயின்களும் ரோஸே ஒயின்களும் இதற்குப் பெரும்பாலும் பொருந்துகின்றன.

புளிப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். திராட்சை பழுக்கும்போது சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். வெப்பமான பகுதிகளில் இந்த மாற்றம் வேகமாக நடக்கும். கடற்காற்று வீசும் இடங்களிலும், இரவில் நன்கு குளிரும் உயர்ந்த நிலங்களிலும், முன்கூட்டியே அறுவடை செய்யும் தோட்டங்களிலும் அமிலம் தங்கிவிடுகிறது. நல்ல கோடை ஒயின்களின் முகவரியைத் தேடிப் போனால் பெரும்பாலும் கடற்கரைக்கோ மலைச்சரிவுக்கோதான் போய்ச்சேர வேண்டியிருக்கும்.

காசு எங்கே போகிறது

பிரெஞ்சு ஓக் மரத்தில் செய்த 225 லிட்டர் புதுப் பீப்பாய் ஒன்றின் விலை 700 யூரோவுக்கு மேல் போகும். அதில் 300 புட்டி ஒயின் பிடிக்கும். அதாவது, பீப்பாயை ஒருமுறை மட்டும் பயன்படுத்தினால், அந்த மரத்துக்கு மட்டுமே புட்டிக்கு இரண்டு யூரோவுக்கு மேல் செலவாகிறது. பீப்பாயில் ஊறும் ஒயின் விற்பனைக்கு வரும்வரை முதலீடு முடங்கிக் கிடக்கும் செலவு தனி. எவர்சில்வர் தொட்டியில் நொதிக்கவைத்து, அறுவடை முடிந்த சில மாதங்களிலேயே புட்டியில் அடைத்து விற்கும் ஒயினுக்கு இந்த இரண்டு செலவும் இல்லை.

நிலத்தின் புகழுக்கும் ஒரு விலை உண்டு. பிரான்சின் ஷாம்பெய்ன், பர்கண்டி போன்ற இடங்களில் நிலமும் திராட்சையும் எட்டாத விலையில் இருக்கின்றன. அதே நுணுக்கத்தோடு ஒயின் செய்தாலும் புகழ் குறைந்த பக்கத்து ஊர்க்காரர் பாதி விலைகூடக் கேட்க முடிவதில்லை. சிக்கனமாக வாங்க நினைப்பவர் கவனிக்க வேண்டியது இத்தகைய ஊர்களைத்தான்.

அதே வேளையில், கடையிலேயே மிக மலிவான புட்டியை எடுப்பது சிக்கனமாகாது. கண்ணாடி, மூடி, லேபிள், லாரி வாடகை ஆகியவை மலிவான ஒயினுக்கும் உயர்ந்த ஒயினுக்கும் ஏறத்தாழ ஒன்றே. பல நாடுகளில் வரியும் அப்படித்தான். அடிமட்ட விலைப் புட்டியில் இந்தச் செலவுகள் போக ஒயினுக்கென்று மிஞ்சுவது மிகச் சொற்பம். அதற்கு ஒரு படி மேலே போனால், கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு திராட்சையின் தரத்துக்கே போய்ச்சேரும். இந்த இரண்டாம் படிதான் சிக்கனமும் தரமும் சந்திக்கும் இடம்.

பிரிட்டனில் 2023 ஆகஸ்டில் ஒயின் வரியை ஆல்கஹாலின் அளவோடு இணைத்தார்கள். 2025 பிப்ரவரி முதல் அது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஆல்கஹால் குறைந்த லேசான ஒயினுக்கு அங்கே வரியும் குறைகிறது.

போர்ச்சுகல், பிரான்ஸ் நாட்டு வெள்ளை ஒயின்கள்

கோடைக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும் ஒயின் போர்ச்சுகலின் வின்யோ வெர்டே. அந்நாட்டின் வடமேற்கு மூலையில், மழையும் கடற்காற்றும் மிகுந்த மின்யோ பகுதியில் விளைவது. 1908-இலேயே இதற்கு எல்லை வகுத்துவிட்டார்கள். கருங்கல் மண், சிறு சிறு நிலங்கள். முன்காலத்தில் வயல் வரப்போரம் கொடிகளை மரங்களிலும் உயர்ந்த பந்தல்களிலும் ஏற்றிவிட்டு, கீழே மக்காச்சோளமும் காய்கறியும் பயிரிட்டார்கள். லொரெய்ரோ, அரிந்தோ, திரஜதூரா போன்ற உள்ளூர்த் திராட்சைகளைக் கலந்து செய்யும் சாதாரண வின்யோ வெர்டேயில் ஆல்கஹால் 9 முதல் 11.5 சதவீதம்வரைதான் இருக்கும். ஊற்றியதும் கண்ணாடியின் உட்புறத்தில் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஒட்டும். முதல் வாயில் நாக்கு நுனியில் மெல்லிய சுருக், அதைத் தொடர்ந்து எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் கலந்த புளிப்பு. அந்தக் குமிழிகளுக்காக, புட்டியில் அடைக்கும்போது சிறிதளவு கரியமில வாயுவைச் சேர்ப்பது இன்றைய வழக்கம். ஆண்டு குறிக்காத புட்டிகளும் சந்தையில் உண்டு. ஆண்டு குறித்ததைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இதே பகுதியில் மொன்சாவ், மெல்காசு ஊர்களில் விளையும் அல்வரின்யோ இன்னும் செறிவானது, விலையும் கூடுதல்.

பிரான்சில் லுவார் நதி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, நான்ட் நகரைச் சுற்றி விளைவது மஸ்கடே. 1709-இன் கொடும் பனியில் கொடிகள் அழிந்த பிறகு, குளிரைத் தாங்கும் மெலோன் தெ பூர்கோன் திராட்சை அங்கே பரவலாக ஊன்றப்பட்டது. இந்தத் திராட்சைக்கு மணம் குறைவு. அதை ஈடுகட்ட, நொதித்து முடிந்த ஒயினைக் குளிர்காலம் முழுக்க ஈஸ்ட் படிவின் மேலேயே விட்டுவைக்கிறார்கள். இறந்த ஈஸ்ட் செல்கள் கரைந்து ஒயினுக்கு ஒரு வழவழப்பையும் ரொட்டி வாசத்தையும் தருகின்றன. லேபிளில் ‘சுர் லீ’ என்று இருந்தால் இந்த முறையில் செய்ததாகப் பொருள். சிப்பி, இறால், பொரித்த மீன் ஆகியவற்றோடு இவ்வளவு இணங்கிப்போகும் ஒயின் இந்த விலையில் வேறொன்று கிடைப்பது அரிது.

மத்தியதரைக் கடலோரத்தில் இதற்கு இணையாக நிற்பது பிக்பூல் தெ பினே. சிப்பியும் மட்டியும் வளர்க்கும் தோ உப்பங்கழியை ஒட்டிய தோட்டங்களில் விளைவது. 2013-இல் தனி அங்கீகாரம் பெற்றது. வெப்பமான லாங்குடாக் பகுதியில் விளைந்தாலும் பிக்பூல் திராட்சை தன் புளிப்பை இழப்பதில்லை.

தென்மேற்கு பிரான்சின் கோத் தெ கஸ்கோனுக்கு வேறொரு வரலாறு. அங்கே கொலம்பார், உக்னி பிளாங் திராட்சைகளை வளர்த்ததே அர்மன்யாக் பிராந்தி காய்ச்சத்தான். பிராந்தி விற்பனை சரிந்தபோது, 1980-களில் விவசாயிகள் அதே திராட்சையைக் குளிர்ந்த தொட்டிகளில் நொதிக்கவைத்து மணமான வெள்ளை ஒயினாக மாற்றினார்கள். விளைச்சல் அதிகம், நிலத்துக்குப் பெரும்புகழ் இல்லை, பீப்பாய் தேவையில்லை என்ற மூன்று காரணங்களாலும் விலை ஏறவே இல்லை. பிரெஞ்சு வெள்ளை ஒயினுக்குப் பழகத் தொடங்குபவருக்கு இது நல்ல முதல் புட்டி.

மலையும் தென்கோளமும்

தென்னாப்பிரிக்காவில் மிக அதிகப் பரப்பில் வளரும் திராட்சை ஷெனின் பிளாங்க். கேப் பகுதியில் திராட்சை ரசம் முதன்முதலாகப் பிழியப்பட்டதை 1659 பிப்ரவரி 2-ஆம் தேதி டச்சுக் குடியேற்றத் தலைவர் யான் வான் ரீபீக் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இருபதாம் நூற்றாண்டில் ஷெனினின் பெரும்பங்கு பிராந்திக்கே போனது. அதற்காக ஊன்றிய பழைய புதர்க்கொடிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. முதிர்ந்த கொடியில் காய்ப்பு குறைவு, சுவை செறிவு. ஓக் சேராத இளம் ஷெனினில் கொய்யாவும் முலாம்பழமும் மணக்கும், அடியில் புளிப்பு இழையோடும். இவ்வளவு முதிர்ந்த கொடிகளின் பழத்துக்கு இவ்வளவு குறைந்த விலை உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

அர்ஜென்டினாவின் சால்டா மாநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கஃபாயாதே. பகலில் கடும் வெயில், இரவில் நடுங்கும் குளிர். அங்கே விளையும் டொரோன்டேஸ், மல்லிகையும் ரோஜாவும் கலந்ததுபோல் மணக்கும். மணத்தை நம்பி இனிப்பை எதிர்பார்ப்பவரின் வாயில் அது புளிப்பாகவும் உலர்ந்தும் இருக்கும். இந்த மணம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. டொரோன்டேஸின் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைக்கும், அதாவது மஸ்கட் ஹாம்பர்க்குக்கும், அதுவே பெற்றோரில் ஒன்று.

ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில், செங்குத்தான பலகைக்கல் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங் வேறொரு வகையில் கோடைக்குப் பொருந்துகிறது. ‘காபினெட்’ என்று குறித்த புட்டிகளில் ஆல்கஹால் பெரும்பாலும் 8 அல்லது 9 சதவீதமே. நொதித்தலை முன்கூட்டியே நிறுத்துவதால் கொஞ்சம் சர்க்கரை தங்கிவிடும். கடுமையான புளிப்பு அந்த இனிப்பைத் திகட்டாமல் வைத்திருக்கும். மிளகாய்க் காரம் உள்ள உணவோடு ஒயின் அருந்துபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒயின் குறைவு. ஆல்கஹால் கூடக்கூடக் காரத்தின் எரிச்சல் கூடும். இனிப்பு அதைத் தணிக்கும்.

இந்தியாவில் நாசிக் பகுதி சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் பழம் முற்றி, ஜனவரி முதல் மார்ச்வரை அறுவடை நடக்கிறது. 2000-இல் முதல் ஒயின்களை வெளியிட்ட சுலா நிறுவனமும் அதைப் பின்தொடர்ந்தவர்களும் ஷெனின் பிளாங்க், சோவின்யோன் பிளாங்க் ஒயின்களை இந்தியர்களுக்குப் பழக்கப்படுத்தினார்கள். இந்தியாவில் வாங்கும்போது பிராண்டைப் பார்ப்பதோடு, புட்டியை வைத்திருந்த இடத்தையும் பார்க்க வேண்டும். குளிர்சாதன வசதி இல்லாத கடையில் ஒரு கோடையைக் கழித்த வெள்ளை ஒயின் எந்த விலைக்கும் லாபமில்லை.

ரோஸே: நிறத்துக்குக் கொடுக்கும் விலை

கருந்திராட்சையின் சாறு நிறமற்றது. நிறம் தோலில் இருக்கிறது. தோலோடு சில மணிநேரம் மட்டும் ஊறவைத்தோ, பழத்தை நேரடியாகப் பிழிந்தோ எடுத்த சாற்றிலிருந்து ரோஸே கிடைக்கிறது. தென்கிழக்கு பிரான்சின் புரோவான்ஸ் பகுதியின் அங்கீகாரம் பெற்ற ஒயினில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ரோஸேதான். வெளிறிய அந்த நிறம் உலகெங்கும் நாகரிகமானதால் புரோவான்ஸ் விலை ஏறிவிட்டது. ஆனால் வெளிறிய நிறம் செய்முறையின் அடையாளம் மட்டுமே. தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அதே கிரெனாஷ், சான்சோ திராட்சைகளில் பக்கத்து லாங்குடாக்கில் செய்யும் ரோஸே கணிசமாக விலை குறைவு. ஸ்பெயினின் நவார்ராவில் கர்னாச்சா திராட்சையில் செய்யும் ரொசாதோவும், இத்தாலியின் செராசுவோலோ தப்ருட்ஸோவும் நிறத்தில் அடர்ந்தவை, சுவையில் பழச்செறிவு மிக்கவை. சுட்ட கோழி, தக்காளி சேர்ந்த உணவு போன்றவற்றுக்கு வெளிறிய ரோஸேயைவிட இவையே ஈடுகொடுக்கும்.

ரோஸே வாங்கும்போது கவனிக்க இரண்டு. ஒன்று, ஆண்டு: பெரும்பாலான ரோஸேக்களில் கடைசி அறுவடையைச் சேர்ந்ததே சிறந்தது. இரண்டாவது, வெளிச்சம்: நிறத்தைக் காட்டுவதற்காக ரோஸேயை வெள்ளைக் கண்ணாடிப் புட்டியில் அடைக்கிறார்கள். வெளிச்சம் நெடுநேரம் பட்டால் ஒயினில் கந்தக வாடை வந்துவிடும். ஜன்னலோரம் அடுக்கியதை விட்டுவிட்டு, தட்டின் பின்வரிசையிலோ அட்டைப்பெட்டிக்குள்ளோ இருப்பதை எடுக்க வேண்டும்.

நுரைக்கும் ஒயின்கள்

ஷாம்பெய்ன் முறையில், அதாவது புட்டிக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கவைத்து, ஷாம்பெய்னின் விலையில் சிறு பங்குக்குக் கிடைப்பது ஸ்பெயினின் காவா. கத்தலோனியாவின் கொதோர்னியூ இல்லத்தைச் சேர்ந்த ஜோசப் ரவெந்தோஸ் 1872-இல் இதைத் தொடங்கினார். மகபெயோ, ஷரெல்லோ, பரெல்யாதா ஆகியவை இதன் மரபுத் திராட்சைகள். குறைந்தது 9 மாதம் ஈஸ்ட் படிவோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். ‘ரெசெர்வா’ என்றால் 18 மாதம். ஷாம்பெய்ன் தவிர்த்த பிரெஞ்சுப் பகுதிகளில் இதே முறையில் செய்வது கிரெமான். லுவார், லிமூ, அல்சாஸ் கிரெமான்கள் விருந்துக்கு வாங்க ஏற்றவை.

இத்தாலியின் புரொசெக்கோவில் இரண்டாம் நொதித்தல் பெரிய அழுத்தத் தொட்டியில் நடக்கிறது. அதனால் செலவு குறைவு. பேரிக்காய் மணமும் கெடாமல் இருக்கிறது. லேபிளில் ஒரு சிக்கல் உண்டு: ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம்வரை சர்க்கரை இருக்கும், ‘புரூட்’ என்பதில் 12 கிராமுக்கும் குறைவு. இனிப்பு வேண்டாதவர் புரூட் எடுக்க வேண்டும்.

குளிரவைக்கும் சிவப்பு

சிவப்பு ஒயின் அறைவெப்பத்தில்தான் அருந்தப்பட வேண்டும் என்ற வழக்கம், குளிர்ந்த ஐரோப்பியக் கல்வீடுகளில் பிறந்தது. 32 டிகிரி அறையில் அதைப் பின்பற்றினால் ஒயின் பாழ். துவர்ப்பு குறைந்த சிவப்பு ஒயின்களை 12 முதல் 14 டிகிரிக்குக் குளிரவைத்தால் அவற்றின் பழச்சுவை பளிச்சென்று தெரியும்.

இதற்கு முதல் உதாரணம் பிரான்சின் போஜோலே. 1395-இல் பர்கண்டி கோமகன் துணிச்சல்மிகு பிலிப் தன் நிலங்களிலிருந்து விரட்டிய கமே திராட்சை, பர்கண்டிக்குத் தெற்கே போஜோலேயின் கருங்கல் மண்ணில் வேரூன்றி நிலைத்தது. முழுக் குலைகளையே மூடிய தொட்டியில் போட்டுக் கரியமில வாயு சூழ வைப்பதால் பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்குகிறது. நிறமும் மணமும் வெளிவருகின்றன, துவர்ப்பு அவ்வளவாக வெளிவருவதில்லை. புகழ்பெற்ற பத்து ஊர்ப் பெயர்களில் வரும் போஜோலேக்கள் விலை கூடியவை. ‘போஜோலே வில்லாஜ்’ என்று குறித்தவை கோடைக்குப் போதும். இத்தாலியின் எளிய வல்பொலிசெல்லா, சிசிலியின் ஃப்ரப்பாத்தோ, எமிலியாவின் நுரைக்கும் லம்புருஸ்கோ, சிலி நாட்டு இதாதா பள்ளத்தாக்கின் சான்சோ ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

சிறு கோப்பையில் ஷெரி

தென் ஸ்பெயினின் கொளுத்தும் கோடைக்கு அம்மக்கள் கண்ட விடை ஃபினோ ஷெரியும் அதன் உறவான மன்ஸானியாவும். குவாதல்கிவிர் நதி கடலில் சேரும் சான்லூகார் தெ பர்ரமேதா ஊரின் கிடங்குகளில், முழுக்க நிரப்பாத பழைய பீப்பாய்களில் மன்ஸானியா வளர்கிறது. ஒயினின் மேல் ஈஸ்ட், பாலாடைபோல் படர்ந்து காற்றுப் படாமல் காக்கிறது. ஈரக் கடற்காற்றால் அந்த ஏடு ஆண்டு முழுதும் உயிரோடு இருக்கிறது. பீப்பாய் வரிசையில் மூத்ததிலிருந்து கொஞ்சம் எடுத்து, அடுத்ததிலிருந்து அதை நிரப்பி, இப்படியே படிப்படியாகக் கலந்து வருவதால் சுவை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. குறைந்தது இரண்டு ஆண்டு வளர்ந்த ஒயின் இது. ஷெரியின் மவுசு குறைந்துவிட்டதால் மட்டுமே மலிவாகக் கிடைக்கிறது. ஆல்கஹால் 15 சதவீதம் என்பதால் சிறு கோப்பையில், நன்கு குளிர்ந்த நிலையில், வறுத்த பாதாம், ஆலிவ், பொரித்த நெத்திலி போன்றவற்றோடு அருந்துவது முறை. 375 மில்லி அரைப்புட்டியாக வாங்கி, திறந்தால் ஒரு வாரத்துக்குள் முடிப்பது நல்லது.

கடைத்தட்டின் முன்

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது அறுவடை ஆண்டு. ஐரோப்பாவில் ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரையும், தென் கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல்வரையும் திராட்சை பறிக்கிறார்கள். ஐரோப்பாவில் கோடை நடக்கும்போது தென்னாப்பிரிக்க, சிலி ஒயின்கள் அரை ஆண்டு இளையவையாக இருக்கும். விலை குறைந்த வெள்ளை ஒயினை இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாக வாங்குவதற்கு, மஸ்கடே, ரீஸ்லிங் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, காரணம் இல்லை.

இரண்டாவது, ஆல்கஹால் அளவு. அது ஒயினின் எடையை முன்கூட்டியே சொல்லிவிடும். மூன்றாவது, மூடி. திருகு மூடி மலிவின் அடையாளம் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் 2000-இலேயே ஒன்றுசேர்ந்து அதற்கு மாறினார்கள். கெட்ட கார்க்கால் வரும் பூஞ்சை நாற்றம் அதில் இல்லை. கனமான புட்டிக்கும் உள்ளே இருக்கும் ஒயினின் தரத்துக்கும் தொடர்பில்லை. கண்ணாடியின் எடைக்கும் வாங்குபவரே காசு கொடுக்கிறார்.

கூட்டம் அதிகமுள்ள விருந்துக்கு 3 லிட்டர் பெட்டி ஒயின் ஏற்றது. ஆஸ்திரேலியரான தாமஸ் ஆங்கோவ் 1965-இல் காப்புரிமை பெற்ற இந்த முறையில், ஒயின் குறையக் குறைய உள்ளிருக்கும் பை சுருங்கிக்கொள்வதால் காற்றுப் புகுவதில்லை. நான்கு புட்டி அளவுள்ள இதைத் திறந்த பிறகும் குளிர்பெட்டியில் சில வாரம் வைத்துக்கொள்ளலாம்.

குளிரவைப்பதும் பரிமாறுவதும்

நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 8 டிகிரி, லேசான வெள்ளைக்கு 8 முதல் 10, ரோஸேவுக்கு 10 டிகிரியை ஒட்டி, லேசான சிவப்புக்கு 12 முதல் 14 என்பது பொதுக் கணக்கு. குளிர்பெட்டியில் வெள்ளை ஒயின் குளிர இரண்டு மணிநேரமாவது ஆகும். அவசரத்துக்கு வாளியில் பனிக்கட்டியும் தண்ணீரும் சரிபாதியாக நிரப்பி, ஒரு கைப்பிடி உப்பும் போட்டுப் புட்டியைக் கழுத்துவரை அமிழ்த்தினால் இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும். பனிக்கட்டியை மட்டும் போட்டால் இடையில் காற்று நின்று குளிர்ச்சி புட்டிக்கு விரைவாக ஏறாது; தண்ணீர்தான் அதைக் கடத்துகிறது. கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மிச்சத்தை வாளியிலேயே வைத்திருக்க வேண்டும்.

வாங்கிய புட்டிகளை வெயிலில் நிற்கும் காரில் விடக் கூடாது. மூடிய கார் சில நிமிடங்களில் சூடேறிவிடும். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், பழமணம் வெந்த வாடையாகும். திறந்த வெள்ளை, ரோஸே புட்டிகளை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

ஆல்கஹால் உடலிலிருந்து நீரை வெளியேற்றும் என்பதால் வெயில் நாளில் ஒயினோடு தண்ணீரும் மேசையில் இருந்தாக வேண்டும். ஆல்கஹாலில் உடலுக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. குறைந்த ஆல்கஹால் ஒயினைத் தேர்ந்து, உணவோடு, அளவாக அருந்துவதற்கு விலையும் சுவையும் தரும் காரணங்களோடு இந்தக் காரணமும் சேர்கிறது.